இல்லிக்குடமும் ஆங்கில வகுப்பும்

நன்னூலை நாம் இலக்கண நூலாகவே படிக்கிறோம். எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும் முடிந்தால் நூல் முடிந்தது எனக் கருதுகிறோம். அதன் முகப்பில் நிற்கும் பொதுப்பாயிரத்தைத் தேர்வுக்கு வாராப் பகுதி எனத் தள்ளிவிடுவோரும் உண்டு. ஆனால் பவணந்தி முனிவர் இலக்கணம் கூறப் புகுமுன்னரே, நூல் யாது, ஆசிரியர் யார், பாடம் சொல்லும் முறை எத்தகையது, மாணாக்கர் யார், அவர் பாடம் கேட்கும் முறை எத்தகையது என்னும் ஐந்தினையும் வகுத்துக் காட்டிவிட்டே மேற்செல்கிறார். பயிற்சிக் கல்லூரியில் மேனாட்டார் உளநூல்களைப் பயின்றுவந்த நம்மனோர்க்கு, இஃது ஏறத்தாழ 800 ஆண்டுகளாக நம் வீட்டிலேயே இருந்துவரும் ஆசிரியப் பயிற்சி நூலாகும்.

அப்பாயிரம் மாணாக்கரை எட்டுப் பொருள்களுக்கு ஒப்பிடுவதைத் தமிழாசிரியர் அறிவர். அன்னமும் பசுவும் போன்றவர் முதல் தரத்தார். நிலமும் கிளியும் போன்றவர் இடைத் தரத்தார். இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்றவர் கடைத் தரத்தார். இல்லிக்குடம் என்பது ஓட்டைக் குடம். அதில் ஊற்றியதெல்லாம் ஒழுகிப்போகும்.

அண்மையில் இடைநிலைப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். அவரும் தமிழரே, தமிழிலக்கியம் விரும்பிப் படிப்பவர். "ஐயா, உங்கள் பள்ளியிலிருந்து முதற்படிவத்துக்கு வந்த பிள்ளைகள் நன்னூலார் சொன்ன இல்லிக்குடங்கள். எவ்வளவு ஊற்றினாலும் நிற்பதில்லை" என்றார். அவர் குறிப்பிட்டவருள் ஒருவன் என் பள்ளியில் ஆறாண்டு பயின்றவன். தமிழ் வகுப்பில் ஒரு கதையைக் கேட்டால் அதன் கருவை வேறாகவும், சுற்றி வளர்த்தவற்றை வேறாகவும் பிரித்துச் சொல்லுவான். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் என்றே அவனை நான் எண்ணியிருந்தேன். என் பள்ளி வாயிலை அன்னமாகக் கடந்தவன், சில மைல் தொலைவிலுள்ள மற்றொரு வாயிலுள் புகுந்தவுடன் ஓட்டைக் குடமானது எங்ஙனம்?

நண்பர் பொய் கூறவில்லை. நானும் பொய் எண்ணவில்லை. ஆகவே பிழை வேறிடத்தில் இருத்தல் வேண்டும். அன்னம், இல்லிக்குடம் என்னும் தரங்களை நாம் பிள்ளையின் பிறவிக் குணமாகப் படித்துவிட்டோம். உண்மையில் அவை ஒரு பிள்ளையும் ஒரு பாடமும் சந்திக்கும் இடத்தில் தோன்றுபவை. அதே பிள்ளை வேறொரு பாடத்தில், வேறொரு முறையில், வேறொரு தரமாகிறான். இக்கருத்தை இடைநிலைப் பள்ளியின் ஆங்கில வகுப்பில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வந்த வழி

ஆங்கிலம் நம் தோட்டப் பிள்ளைக்கு எட்டாமல் இருந்த காலம் நீண்டது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்கவேண்டும் என விதித்தது. பால்மரக் காடுகளுக்கு நடுவே தமிழ்ப் பள்ளிகள் எழுந்தன. அவை தமிழெழுத்தும் சிறிது கணக்கும் கற்பித்தன, அதற்கப்பால் வழியில்லை. அக்காலத்திலேயே ஈப்போவில் 1895இல் தோன்றிய ஆங்கிலோ சீனப் பள்ளியும், 1909இல் தோன்றிய ஆண்டர்சன் பள்ளியும், 1912இல் தோன்றிய செயிண்ட் மைக்கல் பள்ளியும் ஆங்கிலவழிக் கல்வி அளித்துவந்தன. லயத்து வீட்டிலிருந்து அங்கு சென்றவர் மிகச் சிலர். தோட்டத்துக்கும் நகருக்கும் இடையே இருந்த தொலைவில் சாலையின் தொலைவைவிட மொழியின் தொலைவே பெரிது.

1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின், அரசாங்க உதவி பெற்ற இடைநிலைப் பள்ளிகள் மலாய் வழியாகவோ ஆங்கிலம் வழியாகவோ நடந்தன. தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு முடித்த பிள்ளை, புகுமுக வகுப்பில் ஓராண்டு மொழி பயின்ற பின்னரே முதற்படிவம் புகுந்தான். 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய் மொழிக்கு மாறின. 1980களின் தொடக்கத்தில் இடைநிலைப் பள்ளிகளில் அம்மாற்றம் நிறைவெய்தியது. அதன்பின் புகுமுக வகுப்பின் முதன்மை மொழி மலாயாயிற்று. ஆங்கிலம் ஒரு பாடமாக நின்றது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டதும், 2009இல் அதனைக் கைவிட முடிவெடுத்ததும், 2016இல் இருமொழித் திட்டம் வந்ததும் ஆசிரியர் அறிந்தவையே. ஒரு மொழியை வளர்க்க வேறொரு பாடத்தைப் பணயம் வைக்கலாமா என்னும் வழக்கு நம்மிடையே இன்னும் தீரவில்லை. அதனுள் ஈண்டு நான் புகவில்லை. ஆங்கிலம் ஆங்கிலமாகவே கற்பிக்கப்படும் அந்த ஒரு வகுப்பில் என்ன நடக்கிறது என்பதே நம் வினா.

என் கதையையும் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். 1983இல் நான் புகுமுக வகுப்பில் அமர்ந்தேன். மறு ஆண்டு முதற்படிவத்தில், "என் தந்தை" என்னும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னார்கள். என் தந்தை பால்மரம் வெட்டுபவர். தோட்டத்தில் அத்தொழிலை மரம் வெட்டுதல் என்றே சொல்லுவோம். ஆகவே நான் "மை ஃபாதர் கட்ஸ் ட்ரீஸ்" என்று எழுதினேன். வினைக்குரிய 'ஸ்' சேர்த்திருக்கிறேன் என்னும் மகிழ்ச்சி எனக்கு. ஆசிரியரோ என் தந்தை காட்டில் மரம் வீழ்த்துபவர் என்று கொண்டார். "கோடரி எவ்வளவு நீளம்?" என்று அவர் கேட்க வகுப்பு சிரித்தது. கோடரி இல்லை, கத்திதான் என்று சொல்ல எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, மலாயும் வரவில்லை. தண்ணீர்க் குழாயைக் குறிக்கும் 'டேப்' என்னும் சொல்லே பால் வடிப்பதையும் குறிக்கும் என்று நான் அறிந்தது பல ஆண்டுகளுக்குப் பின்னர். என் வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. இல்லாதிருந்தது ஒரு சொல். அந்த ஒரு சொல்லைக் கொடுப்பார் இல்லாமையால் அவ்வாண்டு முழுதும் நான் ஆங்கில வகுப்பில் வாய் திறக்கவில்லை.

எங்கள் லயத்திலிருந்து அவ்வாண்டு புகுமுக வகுப்புக்குச் சென்றவர் எழுவர். ஐந்தாம் படிவம் முடித்தவர் இருவர். மற்ற ஐவரும் அறிவிற் குறைந்தவர் அல்லர் என்பதற்கு அவரோடு கோலி விளையாடிய நானே சான்று.

அளவுகோலும் பாடநூலும்

இனி இக்காலத்துக்கு வருவோம். 2015 முதல் 2025 வரைக்கென வகுத்த ஆங்கிலக் கல்விச் சீர்திருத்தத் திட்டம், ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலை நம் நாட்டுக்குக் கொணர்ந்தது. சி.இ.எஃப்.ஆர். என ஆசிரியர் வழங்குவது இதனையே. ஏ1 முதல் சி2 வரை அதில் ஆறு படிகள். தொடக்கப் பள்ளி முடிவில் ஏ2, இடைநிலைப் பள்ளி முடிவில் பி1 அல்லது பி2 என்பது அத்திட்டத்தின் குறிக்கோள். 2017 முதல் பாடத்திட்டம் அதற்கேற்ப மாறத் தொடங்கியது. அதனையடுத்து வெளிநாட்டுப் பதிப்பகங்களின் பாடநூல்கள் வந்தன. தொடக்கப் பள்ளியின் முதலிரு ஆண்டுகளுக்குக் கேம்பிரிட்ஜ் பதிப்பகத்தின் 'சூப்பர் மைண்ட்ஸ்'. முதலிரு படிவங்களுக்கு மேக்மில்லன் பதிப்பகத்தின் 'பல்ஸ் 2'.

அளவுகோலின் நன்மையை முதலில் கூறுவதே முறை. அது மாணவன் எதனை அறியான் என்று கேட்பதில்லை. எதனைச் செய்யக்கூடும் என்று கேட்கிறது. தன்னை அறிமுகம் செய்யக்கூடுமா? கடையில் விலை கேட்கக்கூடுமா? தான் கண்டதைத் தொடர்ச்சியாகச் சொல்லக்கூடுமா? கேட்பவன் எவ்வாறு ஏற்றுக்கொள்ளுகிறான் என்பதை அறிந்து, அதற்கேற்பப் பாடம் சொல்லவேண்டும் என்னும் நன்னூற் கருத்துக்கு இஃது அணுக்கமானது. இதனை நாம் வரவேற்கலாம்.

குறை, அளவுகோலில் இல்லை. அதனை வைத்த இடத்தில் உள்ளது. தேசியப் பள்ளியில் பயிலும் பிள்ளைக்கு இரண்டு மொழிகள். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைக்கு மூன்று மொழிகள். ஆகவே ஆங்கிலத்துக்கெனத் தமிழ்ப் பள்ளியில் கிடைக்கும் நேரம் தேசியப் பள்ளியைவிடக் குறைவு. நேரம் குறைந்தவனுக்கும் மிகுந்தவனுக்கும் ஆறாமாண்டு முடிவில் ஒரே படி குறிக்கப்பட்டது. அப்படியை எட்டினானா இல்லையா என்று பாராமலே முதற்படிவத்துப் பாடநூல் தொடங்குகிறது. அந்நூலின் பெயரிலேயே 'இரண்டு' என்னும் எண் இருப்பதைக் காண்க. இரண்டு என்றால் ஒன்று எங்கே? நகரத்து வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த பிள்ளை ஒன்றினை வீட்டிலேயே முடித்துவிட்டு வருகிறான். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த ஒன்றினைக் கொடுப்பவர் யார்?

ஆசிரியர் ஆகத் தகாதாரை நன்னூல் நான்கு பொருளுக்கு ஒப்பிடுகிறது. அவற்றுள் ஒன்று முடத்தெங்கு. அதாவது வளைந்த தென்னை. வேர் ஒருவன் கொல்லையில் நிற்கும். நீர் விடுபவனும் அவனே. காய் விழுவது அடுத்தவன் கொல்லையில். முதற்படிவத்து ஆங்கிலப் பாடநூலை நான் அத்தென்னைக்கே ஒப்பிடுவேன். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வரிசை, ஒரே நூல், ஒரே நேரம் என்று நீர் பொதுவாக விடப்படுகிறது. காயோ முன்பே ஆங்கிலம் அறிந்த பிள்ளையின் பக்கமே விழுகிறது.

நூலாசிரியரை இதற்குப் பழிப்பது நேர்மையன்று. அவர்கள் உலகமெங்கும் விற்கும் நூலை எழுதினார்கள்; சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் அமர்ந்திருக்கும் பிள்ளையை அவர்கள் கண்டதில்லை. 'சூப்பர் மைண்ட்ஸ்' நூலில் ஆற்றல்கள் படைத்த நான்கு சிறுவர் சிறுமியர் வருகின்றனர். என் பள்ளிப் பிள்ளைகள் அவர்களை மிக விரும்புகின்றனர் என்பதையும் சொல்லவேண்டும். நூல் வழித்துணை, வழியே அது என்று நாம் கொண்டதுதான் பிழை. பக்கம் முடிந்ததா என்று கேட்கும் மேற்பார்வையும், முடிந்தது என்று எழுதும் ஆசிரியரும் சேர்ந்து அப்பிழையை வளர்த்துவிட்டோம்.

மைக்கல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர் வங்காளத்தில் பணியாற்றி, இருமொழிக் கல்வி பற்றி 1926இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். இடையில் நின்றுவிடும் மாணவனைப் பற்றி அவர் எழுப்பிய வினா நமக்கும் உரியது. ஆயுள் காப்புறுதியைப் பாதியில் கைவிட்டவனுக்கும் கட்டிய பணத்துக்கேற்ப ஒரு தொகை திரும்ப வருகிறது. அதுபோல மொழிப் படிப்பைப் பாதியில் விட்டவன் கையில் எஞ்சும் பயன் யாது? பத்தாண்டு முடித்தால்தான் பயன் என்று அமைந்த பாடம், மூன்றாம் படிவத்தில் நின்றவனை வெறுங்கையனாக அனுப்பிவிடுகிறது. நம் தோட்டப் பிள்ளைகளுள் பலர் அவ்வாறு அனுப்பப்பட்டவர்கள்.

பிள்ளையின் கைம்முதல்

வகுப்பில் அமர்ந்திருப்பவர் யாவர் என்று சற்று நோக்குவோம். பேராக்கில் ஒரு கீழ் இடைநிலை வகுப்பில் மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை ஆகியோரோடு, சில ஊர்களில் செமாய் அல்லது தெமியார் இனத்துப் பூர்வகுடிப் பிள்ளையும் இருப்பான். இவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் பிழை செய்கின்றனர். ஆனால் ஒவ்வொருவரும் வேறு காரணத்தால் பிழை செய்கின்றனர். வேறு இடத்தில் வலிமை பெற்றிருக்கின்றனர். தமிழாசிரியர் இதனை ஆராயத் தக்கவர். ஏனெனில் இலக்கணம் நமக்குத் தெரியும்.

முதலில் வினையைக் காண்போம். வந்தான், வருகிறான், வருவான் என்று தமிழ் வினை காலத்துக்கேற்ப உருமாறுகிறது. வந்தேன், வந்தாய், வந்தாள், வந்தது என்று செய்பவருக்கேற்பவும் ஈறு மாறுகிறது. மலாயில் 'மாக்கான்' என்னும் சொல், நேற்று உண்டதற்கும் இன்று உண்பதற்கும் நாளை உண்ணப்போவதற்கும் உரு மாறாது நிற்கும். நேற்று, நாளை போன்ற சொற்களே காலத்தைக் காட்டும். சீனத்திலும் வினை காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. ஆகவே ஆங்கில வினை காலத்துக்கேற்ப மாறும் என்னும் கருத்தே மலாய்ப் பிள்ளைக்கும் சீனப் பிள்ளைக்கும் புதிது. நம் பிள்ளைக்கு அது தாய்ப்பாலோடு வந்தது.

படர்க்கை ஒருமையில் நிகழ்கால வினையோடு 'ஸ்' சேரவேண்டும் என்பது ஆங்கிலத்தில் பலரும் இடறும் இடம். தமிழ்ப் பிள்ளையிடம், "உன் மொழியில் செய்பவருக்கேற்ப வினைக்குப் பல ஈறுகள் உண்டு, ஆங்கிலம் பழங்காலத்தில் பெற்றிருந்த ஈறுகளை இழந்து இந்த ஒன்றை மட்டும் காத்து வைத்திருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். அவன் முகம் மலர்வதைக் காண்பீர்கள். பல ஈறுகளைத் தன்னையறியாமலே ஆளுபவனுக்கு ஓர் ஈறு பாரமாகுமா?

அடுத்தது பால். மலாயில் 'டியா' என்னும் சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. சீனப் பேச்சிலும் இருபாலுக்கும் ஒலி ஒன்றே. ஆகவே அவ்வீட்டுப் பிள்ளைகள் 'ஹீ', 'ஷீ' என்பவற்றை மயங்கிச் சொல்லுவர். அவன், அவள் என வேறுபடுத்தும் தமிழ்ப் பிள்ளைக்கு இம்மயக்கம் குறைவு.

இடர்ப்பாடுகளும் உண்டு. "கண்ணன் மாணவன்" என்பது தமிழில் நிறைவான வாக்கியம், பெயரே பயனிலையாகிறது. ஆங்கிலத்தில் இடையே 'இஸ்' வேண்டும். தமிழ்ப் பிள்ளை அதனை விட்டுவிடுவான். மலாய்ப் பிள்ளையும் விட்டுவிடுவான். அவன் மொழியிலும் பெரும்பாலும் அது வேண்டுவதில்லை. பெயருக்கு முன் வரும் 'எ', 'தி' என்னும் சிறு சொற்கள் எல்லாருக்கும் முள்.

சொற்கிடக்கை முறையில் நம் பிள்ளைக்கு இடர் மிகுதி. "நான் சோறு உண்டேன்" என்று வினையை இறுதியில் வைத்துப் பழகியவன் ஆங்கிலத்திலும் சோற்றை முன்வைப்பான். ஆனால் அவன் மலாயும் கற்றவன் அன்றோ? "சாயா மாக்கான் நாசி" என்னும் மலாய் வாக்கியத்தின் முறையே ஆங்கிலத்தின் முறை. "மேசையின் மேல்" என்பதில் மேல் பின்னே வருகிறது, மலாயில் "டி அத்தாஸ் மேஜா" என முன்னே வருகிறது, ஆங்கிலத்திலும் முன்னேதான். இவ்விடங்களில் மலாய் அவனுக்குப் பாலமாகும். அடைமொழிக்கோ தமிழே பாலம். சிவப்புப் பூ என்னும் தமிழ் முறையே ஆங்கில முறை. மலாயில் 'புங்ஙா மேரா' எனப் பூ முன்னும் சிவப்பு பின்னும் வரும். இங்கு மலாய்ப் பிள்ளை இடறுவான்.

எழுத்திலும் ஒரு நுட்பம் உண்டு. உரோமன் எழுத்தை நம் பிள்ளை மலாய் மொழியிலும் ஆளுகிறான். மலாயில் எழுதியவாறே படிக்கலாம். ஆங்கிலத்தில் பூனையைக் குறிக்கும் 'கேட்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லை, முதற்படிவத்துப் பிள்ளை ஒருவன் 'சாட்' என்று படித்ததைக் கேட்டிருக்கிறேன். அருகிலிருந்த பயிற்சியாசிரியர், ஏழாண்டு படித்தும் பூனையைப் படிக்கத் தெரியவில்லை என்று வருந்தினார். அப்பிள்ளை அறியாமையால் படித்தான் அல்லன். அதே மூன்றெழுத்தை மலாயில் 'சாட்' என்றே படிக்கவேண்டும். அதற்குச் சாயம் என்பது பொருள். அவன் மலாயைச் சரியாகப் படித்தான், மொழியைத்தான் மாற்றிக்கொண்டான். "இது மலாயில் என்ன? ஆங்கிலத்தில் என்ன?" என்று கேட்டிருந்தால் அவனே திருத்திக்கொண்டிருப்பான்.

இவையெல்லாம் பிள்ளையின் கைம்முதல். மூன்று மொழியைத் தாங்கி வருபவனை ஒரு மொழியில் குறைந்தவன் என்று மட்டும் பதிவு செய்வது, கணக்கேட்டில் கடனை எழுதி வரவை விட்டுவிடுவது போன்றது.

"தமிழ் பேசாதே"

இவ்விடத்தில் என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளவேண்டும். பயிற்சி முடித்து முதன்முதல் பணியேற்ற காலத்தில், ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று விதித்தேன். தமிழில் பேசிய பிள்ளை வகுப்பின் பின்வரிசையில் ஐந்து நிமிடம் நிற்கவேண்டும். ஒரு மாதம் வகுப்பு மிக அமைதியாக இருந்தது. ஒழுங்கு பிறந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். ஒருநாள் ஒரு சிறுமி அழுதுகொண்டிருந்தாள். காரணம் கேட்டேன், வாய் திறக்கவில்லை. அடுத்திருந்தவள் என்னிடம் சைகை காட்டினாள். அழுதவளுக்குக் கடும் வயிற்றுவலி. அதனை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல், தமிழில் சொன்னால் நிற்கவேண்டுமே என்று ஒரு மணி நேரம் பொறுத்திருக்கிறாள். அன்றோடு அவ்விதியை நீக்கினேன். என் வகுப்பின் அமைதி கல்வியின் அமைதி அன்று, அச்சத்தின் அமைதி என்பது அன்றுதான் விளங்கியது.

தாய்மொழியே கற்பிக்க ஏற்ற மொழி என்று ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு 1953இல் வெளியிட்ட அறிக்கை உலகுக்கு எடுத்துரைத்தது. அதற்கு மறுதலையான தவற்றையும் நாம் செய்கிறோம் என்பதை மறைக்கலாகாது. ஒவ்வோர் ஆங்கில வாக்கியத்தையும் உடனே தமிழாக்கிக் கூறும் ஆசிரியர் பலர். அவர் வகுப்பில் பிள்ளை ஆங்கிலத்தைக் கேட்பதே இல்லை. எப்படியும் தமிழ் வரும் என்று காத்திருக்கிறான். முன்னது வாயை அடைத்தது; பின்னது செவியை அடைத்தது. இரண்டும் கேடே.

நான் பின்பற்றிவருவது ஓர் எளிய வரம்பு. புதிய இலக்கணக் கருத்தை விளக்கவும், வேலை இன்னதென்று தெளிவிக்கவும், பிள்ளையின் அச்சம் நீக்கவும் தமிழ் வரலாம். பழகுவதும் கேட்பதும் படிப்பதும் எழுதுவதும் ஆங்கிலத்திலேயே நடக்கவேண்டும். உப்பு உணவுக்குத் தேவை, உப்பே உணவாகாது.

கலப்பு வகுப்பில் ஒரு பாடம்

எங்கள் தோட்டம் இப்போது செம்பனையாகிவிட்டது. பழைய மண்டபம் மட்டும் நிற்கிறது. அதில் சனிக்கிழமை காலையில், சுற்றுவட்டாரத்தில் முதற்படிவமும் இரண்டாம் படிவமும் பயிலும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். தமிழர் மிகுதி, மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், செமாய்ப் பிள்ளைகள் இருவர் ஆகியோரும் வருகின்றனர். அங்கு நடந்த ஒரு பாடத்தைக் கூறுகிறேன்.

மேசை மீது ஒரு பால்வெட்டும் கத்தியையும் ஒரு பழைய மங்கையும் வைத்தேன். இக்காலப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் இவற்றைக் கண்டதில்லை. எல்லாருக்கும் பொருள் ஒன்று, வேலை மூன்று. தொடக்க நிலையினர் பொருள்களின் பெயரையும், அவை எங்கே உள்ளன என்பதையும் சொல்லவேண்டும். இடை நிலையினர் அவற்றை வைத்து என்ன செய்தார்கள் என்று ஐந்து வாக்கியம் சொல்லவேண்டும். மேல் நிலையினர் இவற்றைக் காணாத வெளியூர் நண்பனுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும். நிலைக்கொரு மூலையில் அவர்களைப் பிரித்து அமர்த்தவில்லை. ஒவ்வொரு மேசையிலும் மூன்று நிலையினரும், இரண்டு மொழியினராவது இருந்தனர். பிரித்து அமர்த்திய பிள்ளை தன் தரத்தை அன்றே தெரிந்துகொள்ளுகிறான். பிறகு அதனைவிட்டு நகர்வதில்லை.

கட்டுரையின் தொடக்கத்தில் இல்லிக்குடம் என்று பெயர்பெற்ற மாணவனும் அங்கிருந்தான். அவன் பாட்டி முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். கத்தியைக் கண்டதும் எழுந்து வந்தான். பட்டையில் கோடு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரிந்து இறங்கவேண்டும் என்பதையும், ஆழமாக வெட்டினால் மரம் புண்படும் என்பதையும், விடியுமுன் குளிர்ந்த வேளையில் வெட்டினால்தான் பால் நன்கு ஓடும் என்பதையும் உடைந்த ஆங்கிலத்தில் எட்டு வாக்கியங்களாகச் சொன்னான். 'தி' எங்கும் இல்லை. 'டேப்' என்னும் வினைச்சொல்லை நான் முன்பே கரும்பலகையில் எழுதி வைத்திருந்தேன். எனக்குக் கிடைக்காத சொல் அவனுக்குக் கிடைக்கட்டும் என்று. இறந்தகால வினைகளை ஏறத்தாழச் சரியாகச் சொன்னான். சீனச் சிறுமி ஒருத்தி, "ஹூ டாட் ஹர்?" என்று அவன் பாட்டியைப் பற்றிக் கேட்டாள். அவன் விடை சொன்னான். எட்டு வாக்கியம் முடியும்வரை நான் திருத்தவில்லை. முடிந்தபின் மூன்று பிழைகளை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் பொதுவாக விளக்கினேன். 'இன்', 'ஆன்', 'அண்டர்' என்பவற்றை மலாய்ச் சிறுவன் ஒருவன் நம் பிள்ளைகளைவிடத் தெளிவாக விளக்கினான்.

அம்மாதப் பள்ளித் தேர்வில் அந்த மாணவனின் மதிப்பெண் உயரவில்லை. இதனை மறைத்தால் நான் கதை சொல்லுபவன் ஆவேன். ஆயினும் அடுத்த சனிக்கிழமை அவன் வந்தான். கேட்காமலே ஒரு கேள்வி கேட்டான். ஒழுகுகிற குடம் கேள்வி கேட்பதில்லை.

ஒரு தடையும் விடையும்

"இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பவர் தமிழர் அல்லாதவராகவும் இருப்பாரே; அவர் தமிழிலக்கணம் அறிவது எங்ஙனம்?" என்று வினவலாம். நேரிய தடையே. ஆனால் அவர் தமிழ் கற்கவேண்டும் என்பதில்லை. மேலே கூறிய ஒற்றுமை வேற்றுமைகள் ஒரு தாளில் அடங்கும். அதனை எழுதிக் கொடுக்கவேண்டியவர் யார்? தமிழாசிரியராகிய நாமே. நமக்குத் தொல்காப்பியமும் நன்னூலும் தெரியும் என்பதில் பெருமை கொள்ளுகிறோம். அவ்விலக்கண அறிவு நம் பிள்ளையின் ஆங்கிலத்துக்கும் உதவும் என்பதை எண்ணியதுண்டா?

மற்றொன்றும் நம் கையில் உள்ளது. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. அத்தேர்வைப் பலர் குறை கூறினர், நானும் கூறியவன். ஆயினும் ஆறாமாண்டு முடித்த பிள்ளையைப் பற்றி இடைநிலைப் பள்ளிக்கு ஒரு செய்தியாவது அது கொண்டுசென்றது. இன்று அவன் ஆங்கிலத்தில் எதனைச் செய்யக்கூடும் என்பதை அறிந்தவர் அவனுடைய தொடக்கப் பள்ளி ஆசிரியரே. ஆறாமாண்டு முடியும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கக் கடிதம் எழுதி, அவன் செல்லும் பள்ளியின் ஆங்கில ஆசிரியருக்கு அனுப்பலாம். இவன் என்ன படிக்கிறான், எவ்வளவு எழுதுகிறான், எங்கே இடறுகிறான், எதனைப் பற்றிக் கேட்டால் வாய் திறப்பான் என்னும் நான்கு செய்தி போதும். என் பள்ளி சிறியது. எனக்கு இது ஒரு வாரத்து மாலைப்பொழுதுகளின் வேலை. பெரிய பள்ளிகளில் வகுப்பாசிரியர்கள் பகிர்ந்துகொள்ளலாம். இதற்கு ஆணையும் வேண்டா, மானியமும் வேண்டா.

இடைநிலைப் பள்ளி ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம். முதற்படிவத்தின் முதல் மாதத்தில் பாடநூலைத் திறக்க விரைய வேண்டா. பிள்ளைகளைப் பேசவிட்டுக் கேளுங்கள். 'இரண்டு' என்னும் எண்ணிட்ட நூலுக்கு முன் 'ஒன்று' யாருக்குத் தேவை என்று அறிந்துகொள்ளுங்கள். அம்மாதம் வீணான மாதம் ஆகாது.

நன்னூலார் ஆசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் ஒப்பிட்டார். நிறைகோல் என்பது துலாக்கோல். அதற்குத் தட்டு இரண்டு. பிள்ளை அறியாததை ஒரு தட்டில் வைத்தால், அறிந்ததை மறு தட்டில் வைத்தே எடை பார்க்கவேண்டும். நாம் நெடுங்காலமாக ஒரு தட்டை வைத்தே நிறுத்துவந்தோம். 1983இல் என்னோடு சென்ற எழுவருள் ஐவர் அவ்வாறு நிறுக்கப்பட்டு வீடு திரும்பியவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். குடத்தில் ஓட்டை என்று சொல்லுமுன், நாம் ஊற்றியது குடத்தின் வாயிலா, அதன் புறத்திலா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோமாக.